பேரப்பிள்ளை வளர்ப்பில் தாத்தா, பாட்டியின் பங்கு: மாறிவரும் சமூகப் பார்வை

குழந்தைக்கு உணவூட்டுதல், குளிப்பாட்டுதல், தூங்கவைத்தல், பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், நோயில் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய அன்றாடப் பணிகளில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பெற்றோருக்குப் பதிலாகத் தாத்தாவும் பாட்டியும் ஏற்பது பேரப்பிள்ளை வளர்ப்பு எனப்படுகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, இலங்கை ஆகிய இடங்களிலும், புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் இது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வழக்கம் தொடர்ந்தாலும் அதைப் பற்றிய எண்ணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கேட்காமலே செய்ய வேண்டிய கடமையாக முதலில் கருதப்பட்டது. பிறகு, நவீன குழந்தை வளர்ப்புக்கு இடையூறு என்ற ஐயம் எழுந்தது. இப்போது, நேரமும் உடல்வலிமையும் வருமானமும் செலவாகும் உழைப்பு என்ற பார்வை உருவாகி வருகிறது. இக்கட்டுரை புதுச்சேரியின் மீனவர் ஊரான வீராம்பட்டினத்தையும் சோழமண்டலக் கடற்கரை வாழ்க்கையையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த மாற்றத்தை விளக்குகிறது.

உறவுச் சொற்கள்

பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பேத்தி என்பதும் பெயர்த்தி என்பதன் திரிபே. முதல் பேரக்குழந்தைக்குத் தாத்தா அல்லது பாட்டியின் பெயரைச் சூட்டும் வழக்கம் தமிழர்களிடையே பரவலாக இருந்தது. குழந்தை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று, முந்தைய தலைமுறையின் தொடர்ச்சியும் ஆகும் என்ற எண்ணம் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

பாட்டியைக் குறிக்கும் சொற்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகின்றன. மதுரைப் பக்கம் அப்பத்தா, அம்மாச்சி என்றும், நெல்லைப் பக்கம் ஆச்சி என்றும், யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா என்றும் அழைப்பர். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரங்களில் ஆயா என்ற சொல் பெருவழக்கு.

ஆயா என்ற இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கூலிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வேலை செய்யும் உதவியாளரையும் ஆயா என்றே அழைக்கின்றனர். இந்த இரண்டாவது பொருள் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. பாட்டியைக் குறிக்கும் ஆயாவோ தாயைக் குறிக்கும் ஆய் என்ற தமிழ்ச்சொல்லோடு தொடர்புடையது. ஒருவருக்கு ஊதியம் உண்டு, மற்றவருக்கு இல்லை. ஆனால் இருவரும் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றே. இக்கட்டுரை பேசும் சிக்கலின் மையம் இதுவாகும்.

வீராம்பட்டினம்: ஊரும் தொழிலும்

வீராம்பட்டினம் புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் கொம்யூன் பகுதியில் கடலோரம் அமைந்த பெரிய மீனவர் ஊர். பண்டைக்கால ரோமானிய வணிகத்துக்குச் சான்றாக விளங்கும் அரிக்கமேடு இதன் அருகில் உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். இவ்வூர்ச் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேர்த்திருவிழா புகழ்பெற்றது. பிரெஞ்சு ஆளுநர் தேர்வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கத்தைத் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறிய பின்னும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறிய பின்னும் அம்மரபு கைவிடப்படவில்லை.

மீன்பிடித் தொழிலின் நேரஒழுங்கு குழந்தை வளர்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. படகுகள் இரவிலோ விடியலுக்கு முன்போ கடலுக்குச் செல்கின்றன. ஆண்கள் பிடித்துவரும் மீனைக் கரையிலும் துறைமுகத்திலும் ஏலத்தில் எடுத்துச் சந்தையிலும் தெருக்களிலும் விற்பது பெண்களின் தொழில். ஏலத்துக்குச் செல்லும் பெண் விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். குழந்தைகள் எழும் நேரத்தில் தந்தை கடலிலும் தாய் சந்தையிலும் இருப்பது இத்தொழிலில் இயல்பு. அந்த நேரத்தை நிரப்புபவர் பெரும்பாலும் ஆயா. மீனவர்களிடையே பெண் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அருகருகே உள்ள குப்பங்களுக்குள் நடப்பதால், தாய்வழிப் பாட்டியும் தந்தைவழிப் பாட்டியும் கூப்பிடு தூரத்தில் இருப்பது இவ்வூர்களில் அரிதன்று.

கடலுக்குச் செல்வதை நிறுத்திய முதியவர்கள் கரையில் அமர்ந்து வலையைப் பழுதுபார்ப்பதும், பேரப்பிள்ளைகள் அவர்களைச் சுற்றி விளையாடுவதும் கடற்கரை ஊர்களில் வழக்கமான காட்சி. காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் போக்கு, மீன்களின் இனம் ஆகியவை பாடநூல் இல்லாமல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்ற வழிகளில் இதுவும் ஒன்று.

கடமை என்ற பார்வை

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை ஓர் உதவியாகக்கூட முன்பு யாரும் பெயரிட்டுச் சொன்னதில்லை. பெண் கருவுற்ற ஏழாவது அல்லது ஒன்பதாவது மாதத்தில் வளைகாப்பு நடத்தித் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வதும், தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பதும் தமிழர் வழக்கம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு சமைப்பது, குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை போடுவது ஆகியவை தாய்வழிப் பாட்டியின் பொறுப்பு. அவரைக் கேட்டு ஒப்புதல் பெறும் வழக்கம் இல்லை. செய்ய மறுத்தால் அது பழிச்சொல்லுக்கு இடமாகியது.

இக்காலத்தில் பலர் நினைப்பதுபோல் முன்பு எல்லா வீடுகளிலும் தாத்தாவும் பாட்டியும் நிறைந்திருந்தனர் என்பது முழு உண்மையன்று. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள் மட்டுமே. குழந்தை இறப்புகள் மிகுதியாக இருந்ததால்தான் இந்தச் சராசரி இவ்வளவு குறைந்தது. எனினும் பேரப்பிள்ளை வளரும்வரை உயிருடன் இருந்த தாத்தா, பாட்டியரின் எண்ணிக்கை இன்றைவிடக் குறைவே. மேலும், இளம் வயதில் மணம் முடிந்த பெண், தன் கடைசிக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டியாகிவிடுவதும் உண்டு. பத்துக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் உள்ள ஒருவர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக நேரம் ஒதுக்கியிருக்க இயலாது. மூத்த அக்கா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண் எனப் பலர் அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்று நிலைமை வேறு. இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 70 ஆண்டுகளாக உயர்ந்துள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி பேர். மறுபுறம் பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது. 2019-21 காலத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அக்காவும் அத்தையும் குறைந்துபோன குடும்பத்தில், பகிர்ந்துகொள்ள ஆளில்லாத முழுப்பொறுப்பும் ஒரு பாட்டியின்மீது விழுகிறது. முன்பைவிட இன்றுதான் தாத்தா, பாட்டியின் பங்கு கூடுதல் எடை பெற்றிருக்கிறது எனலாம்.

இடையூறு என்ற பார்வை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவமனைப் பிரசவம், தடுப்பூசி, பள்ளிக்கல்வி ஆகியவை பரவியபோது குழந்தை வளர்ப்பு பற்றிய அறிவின் அதிகாரம் பாட்டியிடமிருந்து மருத்துவருக்கும் செவிலியருக்கும் மாறியது. பாட்டி வைத்தியம் என்ற சொல், மதிப்பாகவும் கேலியாகவும் வழங்கத் தொடங்கியது.

இந்த மோதலில் மருத்துவத்தின் பக்கம் வலுவான காரணங்கள் உள்ளன. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டுவைத்தல், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தல், சீம்பாலைக் கறந்து கொட்டிவிடுதல், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் ஆகிய பழைய வழக்கங்கள் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் வலியுறுத்தி வருகிறது. சீம்பால் நோயெதிர்ப்பு ஆற்றல் நிறைந்தது என்பதால் அதைக் குழந்தைக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. உரைமருந்து உரைத்துக் கொடுப்பதையும் குழந்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

அதேவேளையில், பாட்டியின் அறிவு முழுவதும் தள்ளப்பட வேண்டியதன்று. பிள்ளை பெற்ற தாய்க்கு ஓய்வு, சத்தான உணவு, குழந்தையுடன் இடைவிடாத உடல் தொடுகை, தாலாட்டு, பேச்சு ஆகியவற்றை இன்றைய மருத்துவமும் வற்புறுத்துகிறது. குழந்தை அழும்போது அது பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று பிரித்தறியும் அனுபவம் முதல்முறை தாயானவளுக்குப் பெருந்துணை. ஆகவே பல மருத்துவமனைகளில் தாய்ப்பால் பற்றிய அறிவுரையைத் தாய்க்கு மட்டுமன்றி உடனிருக்கும் பாட்டிக்கும் சேர்த்தே சொல்கின்றனர். பாட்டியை விலக்கிவைப்பதைவிட அவருக்குப் புதிய செய்தியைச் சேர்ப்பது பயனளிக்கும் என்பது நடைமுறையில் கண்ட பாடம்.

இடையூறு என்ற பார்வையின் இன்னொரு முகம் செல்லம் பற்றியது. தாத்தா, பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவர் என்ற குறை தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்பது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு திறனாய்வு, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தாத்தா, பாட்டியர் தம்மை அறியாமலே குழந்தைகளின் உடல் எடை, உணவுப்பழக்கம் ஆகியவற்றில் பாதகமான விளைவை ஏற்படுத்தக்கூடும் என்று அது சுட்டியது. இனிப்பு, பொட்டலத் தின்பண்டம், நீண்டநேரக் கைபேசி ஆகியவை இன்றைய வீடுகளில் இந்தச் சச்சரவின் பொருள்கள். எனினும் தின்பண்டமும் கைபேசியும் களைத்துப்போன முதியவரின் கையில் எஞ்சியிருக்கும் எளிய வழிகள் என்பதையும் கருத வேண்டும். எட்டு மணிநேரம் ஓடியாடும் குழந்தையின் பின்னால் செல்ல 65 வயது முழங்கால் இடங்கொடுப்பதில்லை.

உழைப்பு என்ற பார்வை

பாட்டி வீட்டில் சும்மா இருக்கிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் பழைய பார்வையின் அடிப்படை. மீனவர் ஊர்களின் வாழ்க்கை இந்த எண்ணத்தைத் தவறென்று காட்டுகிறது. தமிழகக் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள், கணவரை இழந்தவர்கள், பாட்டியானவர்கள். அதாவது, ஆயா என்பவர் பல வீடுகளில் வருமானம் ஈட்டுபவரும் ஆவார்.

கல்வி கற்ற இளம் பெண்கள் கூடை தூக்கும் தொழிலுக்கு வர விரும்புவதில்லை. அவர்கள் துணிக்கடை, மருத்துவமனை, அலுவலகம், தொழிற்பேட்டை ஆகிய இடங்களில் வேலைக்குச் செல்கின்றனர். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டைகள் உள்ளன. அவர்களின் வேலை நேரம் நிலையானது. விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கப்படும். குழந்தை பிறந்த சில மாதங்களில் மகளோ மருமகளோ வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வருகிறது. அப்போது வீட்டில் எழும் கேள்வி, குழந்தையை யார் பார்ப்பது என்பதோடு நிற்பதில்லை. ஆயா மீன் விற்பதை நிறுத்துவாரா என்பதும் அதனுடன் சேர்கிறது.

நிறுத்தினால் அவர் இழப்பது அன்றைய விற்பனைப் பணத்தை மட்டுமன்று. நெடுங்காலமாகப் பேணிய வாடிக்கையாளர்கள், சந்தையில் அவருக்கென்று இருந்த இடம், ஏலத்தில் கடனுக்கு மீன் எடுக்க உதவிய நம்பிக்கை, கையில் சொந்தப் பணம் இருப்பதால் வீட்டில் கிடைத்த மரியாதை ஆகியவையும் போகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் குழந்தை பள்ளிக்குச் சென்றபின் அவர் மீண்டும் சந்தைக்குத் திரும்புவது எளிதன்று. காசு கொடுக்காமல் கிடைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கு ஒருவர் இப்படி விலை கொடுக்கிறார். அந்த விலை குடும்பக் கணக்கில் எழுதப்படுவதில்லை.

குழந்தை பராமரிப்பில் ஆண், பெண் வேறுபாடும் பெரிது. இந்தியா முழுவதற்குமான முதல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடைபெற்றது. வீட்டாரைப் பராமரிக்கும் ஊதியமில்லா வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டதாக அது காட்டியது. தாத்தா, பாட்டி என்று சேர்த்துச் சொன்னாலும் வேலையின் பெரும்பகுதி பாட்டியின் கையில்தான் இருக்கிறது. பள்ளிக்கு அழைத்துச் செல்வது, பூங்காவுக்குக் கூட்டிப்போவது ஆகியவற்றில் தாத்தாக்களின் பங்கு நகரங்களில் கூடிவருவது ஒரு மாற்றமே. கழுவுவதும் ஊட்டுவதும் இன்னும் அவ்வளவாகக் கைமாறவில்லை.

அரசுத் திட்டங்களும் நிரப்பப்படாத இடைவெளியும்

பாட்டியின்மீது சுமை கூடுவதற்குப் பொது ஏற்பாடுகளின் போதாமையும் காரணம். 2017ஆம் ஆண்டின் பேறுகாலச் சலுகைத் திருத்தச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஆனால் மீன் விற்பவர், வீட்டு வேலை செய்பவர், சிறு கடையில் பணிபுரிபவர் போன்ற அமைப்புசாராத் தொழிலாளர்களை இந்தச் சலுகைகள் பெரும்பாலும் எட்டுவதில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அதன் அங்கன்வாடிகள் ஊட்டச்சத்தும் முன்பருவக் கல்வியும் அளிக்கின்றன. எனினும் அவற்றின் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அங்கன்வாடி திறப்பதற்குப் பல மணிநேரம் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. அலுவலகம் முடிவதற்குப் பல மணிநேரம் முன்பே அங்கன்வாடி மூடப்பட்டுவிடுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையும், விடியற்காலையும், மாலை நேரமும் ஆயாவின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன.

பேரிடரும் பொறுப்பும்

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலை புதுச்சேரி, காரைக்கால், கடலூர், நாகப்பட்டினம் கடற்கரைகளைத் தாக்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகள் பலரைத் தாத்தா, பாட்டி, மாமன், சித்தி ஆகிய உறவினர் ஏற்று வளர்த்தனர். பின்னர் நடந்த மறுவாழ்வுப் பணிகளில் பல ஊர்களில் கடலிலிருந்து தள்ளி வரிசையாக வீடுகள் கட்டப்பட்டன. ஒரு தம்பதிக்கு ஒரு வீடு என்ற முறையில் வழங்கப்பட்ட இடங்களில், ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்தன. வீடு உறுதியானது, ஆனால் ஆயாவின் கண்பார்வையில் குழந்தையை விட்டுச்செல்லும் வசதி குறைந்தது.

2021இல் கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலை இதே பொறுப்பை நாடு முழுவதும் முதியவர்கள்மீது சுமத்தியது. அவ்வாண்டு மே மாதம் ஒன்றிய அரசு, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 23 வயதாகும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் வகையில் ஒரு திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு அரசு அத்தகைய குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை வழங்குவதாக அறிவித்தது. உறவினர் அல்லது பாதுகாவலரிடம் வளரும் குழந்தைக்கு 18 வயதாகும்வரை மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகையும் அதே அறிவிப்பில் இடம்பெற்றது. உறவினர் வீட்டில் வளர்ப்பதற்கும் செலவு உண்டு, அதற்கு அரசின் கை வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட நடவடிக்கை இது.

சட்டத்தின் பார்வை

இந்தியச் சட்டங்களில் தாத்தா, பாட்டியின் இடம் சீரானதாக இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர்கள் தந்தையும் அவருக்குப்பின் தாயும் ஆவர். பல ஆண்டுகள் குழந்தையை வளர்த்த பாட்டியானாலும் சட்டப்படியான பாதுகாவலராக வேண்டுமெனில் நீதிமன்றத்தை அணுக வேண்டும். அதேசமயம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், உறவினர் என்பதற்கான வரையறையில் தந்தைவழி, தாய்வழித் தாத்தா, பாட்டியரைச் சேர்த்துள்ளது.

2022 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. குஜராத்தில் கோவிட் தொற்றால் தாய், தந்தை இருவரையும் இழந்த சிறுவனை யாரிடம் ஒப்படைப்பது என்பது வழக்கு. உயர் நீதிமன்றம் அவனைத் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்திருந்தது. தந்தைவழித் தாத்தா, பாட்டியர் முதியவர்கள், ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவர்கள் என்பது அதன் கருத்து. உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றிச் சிறுவனைத் தாத்தா, பாட்டியிடம் ஒப்படைத்தது. முதுமையோ குறைந்த வருமானமோ மட்டுமே அவர்களை மறுப்பதற்குக் காரணமாகாது என்றும், நம் சமூகத்தில் பேரப்பிள்ளைகளோடு அவர்களுக்கு உள்ள உணர்வுப் பிணைப்பு ஆழமானது என்றும் அது கருதியது.

வளர்த்தவர்களுக்கு முதுமையில் என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தில் பிள்ளைகள் என்ற சொல் வயதுவந்த பேரன், பேத்தியரையும் உள்ளடக்கும். தம்மைக் காத்துக்கொள்ள இயலாத முதியவர் அவர்களிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். இச்சட்டத்தில் தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எனினும் இந்த உரிமை உறவின் அடிப்படையில் வருவது. வளர்த்த உழைப்புக்கு இச்சட்டத்தில் தனி மதிப்பு இல்லை.

புதுச்சேரிக்குத் தொடர்புடைய இன்னொரு சட்டமும் உண்டு. இணைப்பு ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் இங்கு இன்றும் வாழ்கின்றன. பிரான்சு நாட்டில் 1970ஆம் ஆண்டின் சட்டம், தக்க காரணமின்றிக் குழந்தைக்கும் தாத்தா, பாட்டிக்கும் இடையிலான உறவைப் பெற்றோர் தடுக்கக்கூடாது என்று விதித்தது. 2002இல் இவ்விதி குழந்தையின் உரிமையாக மாற்றி எழுதப்பட்டது. தாத்தா, பாட்டியைக் காண்பது குழந்தைக்கு உரியது என்ற கருத்து அங்கு சட்டவடிவம் பெற்றுள்ளது.

புலம்பெயர்ந்த தமிழர்களும் பிற நாடுகளும்

மகள் அல்லது மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா செல்லும் தமிழ்ப் பெற்றோர் ஏராளம். பார்வையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதங்கள்வரை தங்கலாம் என்பதால், முதல் ஆறு மாதம் பெண்ணின் பெற்றோரும் அடுத்த ஆறு மாதம் பையனின் பெற்றோரும் என முறைவைத்துச் செல்கின்றனர். மொழி தெரியாத ஊரில், வண்டி ஓட்டத் தெரியாமல், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தனிமை பற்றி முதியவர்கள் இப்போது வெளிப்படையாகப் பேசத் தொடங்கியுள்ளனர். கனடா 2011 டிசம்பரில் அறிமுகப்படுத்திய பெற்றோர், தாத்தா, பாட்டியருக்கான சிறப்பு விசா 2022 முதல் ஒருமுறை வந்தால் ஐந்து ஆண்டுகள்வரை தங்க இடமளிக்கிறது.

இலங்கையில் நிலைமை நேர்மாறானது. அங்கு தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்கின்றனர், குழந்தைகள் பாட்டியிடம் வளர்கின்றன. 2013இல் இலங்கை அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் செல்வதை அது தடுத்தது. மற்றவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தக்க ஆள் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. தந்தையருக்கு இத்தகைய விதி இல்லை என்பதால் இது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2022இல் விதி தளர்த்தப்பட்டது.

சில நாடுகள் இந்த உழைப்புக்குப் பயன் தரும் வழிகளை உருவாக்கியுள்ளன. சிங்கப்பூரில் 12 வயது வரையிலான குழந்தையைத் தாத்தா அல்லது பாட்டி பார்த்துக்கொண்டால், வேலைக்குச் செல்லும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக்கழிவு உண்டு. பிரித்தானியாவில் 2011 ஏப்ரல் முதல், 12 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், ஓய்வூதிய வயதை எட்டாத தாத்தா, பாட்டியருக்கு அக்காலம் ஓய்வூதியத் தகுதிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சுவீடன் 2024 ஜூலை 1 முதல் பெற்றோர் தமது ஊதிய விடுப்பில் 45 நாட்கள்வரை தாத்தா, பாட்டி உள்ளிட்ட பிறருக்கு மாற்றித்தர அனுமதித்துள்ளது. தனித்து வளர்க்கும் பெற்றோர் 90 நாட்கள்வரை மாற்றலாம். இவற்றுள் சிங்கப்பூர் முறையில் சலுகை தாய்க்குச் செல்கிறது, மற்ற இரண்டிலும் வேலை செய்பவருக்கே செல்கிறது என்பது கவனிக்கத்தக்க வேறுபாடு.

அறிவியல் ஆய்வுகள்

மனிதப் பெண்கள் குழந்தை பெறும் பருவம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் வாழ்வது ஏன் என்ற கேள்விக்குப் பாட்டிக் கருதுகோள் என்பது ஒரு விடை. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர், முதிய பெண்கள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு உணவளிப்பதைக் கண்டு 1990களில் இக்கருதுகோளை விரிவாக்கினர். காம்பியா நாட்டுச் சிற்றூர்களில் தாய்வழிப் பாட்டி உள்ள குழந்தைகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடியிருந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்லாந்து, கனடா ஆகியவற்றின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த குழுவினரும் 2004இல் இதையொத்த முடிவை வெளியிட்டனர்.

முதியவர்களுக்கு நேரும் விளைவையும் ஆய்வாளர்கள் பார்த்துள்ளனர். பெர்லினில் 70 வயதைக் கடந்த 500க்கும் மேற்பட்டோரிடையே நடந்த நெடுங்கால ஆய்வில், அவ்வப்போது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தது தெரிந்தது. ஆனால் இது இடையிடையே உதவியவர்களைப் பற்றியது, முழுநேரமும் பொறுப்பேற்றவர்களை ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது முதியவருக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வதைவிட, எவ்வளவு நேரம், யார் விருப்பப்படி என்று கேட்பது பொருத்தம்.

இன்றைய நிலை

தமிழ்க் குடும்பங்களில் இப்போது மூன்று பார்வைகளும் ஒரே வீட்டில் ஒன்றாக இருக்கின்றன. ஊரார் பேச்சில் கடமை, மருத்துவரின் அறிவுரையில் எச்சரிக்கை, பாட்டியின் களைப்பில் உழைப்பு. தனக்கென்று சிறிது காலம் வேண்டும், கோயில் குளம் சென்றுவர வேண்டும், தோழியரோடு பேச வேண்டும் என்று சொல்லும் பாட்டியை முன்புபோல் எல்லாரும் குறைகூறுவதில்லை. பேரப்பிள்ளையை விட்டுப் பிரிந்து இருக்க முடியாது என்று சொல்பவரும் அவரே. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதை ஏற்பது இன்றைய மாற்றத்தின் முக்கியக் கூறு.

நடைமுறையில், வேலைக்குத் திரும்பும் முன்பே சிலவற்றைப் பேசி முடிவு செய்வது சச்சரவைக் குறைக்கிறது. குழந்தையைப் பார்க்கும் நேரம் எது, வாரத்தில் எந்த நாள் முதியவருக்கு ஓய்வு, உணவும் மருந்தும் யார் சொல்படி, செலவுக்குப் பணம் எவ்வளவு, அவருடைய மருத்துவப் பரிசோதனைக்கு யார் துணை செல்வர் என்பன அவை. வருமானத்தை விட்டுவிட்டு வந்த பாட்டிக்கு மாதந்தோறும் அவர் கணக்கில் ஒரு தொகை போடுவது பாசத்துக்குக் கூலி கொடுப்பதாகாது. அவர் இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதே ஆகும்.

மீனவர் ஊர்களைப் பொறுத்தவரை, ஏல நேரத்துக்கு ஏற்பத் திறக்கும் குழந்தைகள் காப்பகம், மீன் விற்கும் பெண்களுக்கான ஓய்வூதியம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு ஆகியவை இருந்தால் ஆயாவின் முன் உள்ள கேள்வி எளிதாகும். கூடையா, குழந்தையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அப்போது குறையும். குழந்தையோடு இருப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார். பொது எண்ணத்தில் நிகழும் மாற்றம் குடும்பத்துக்குள் மட்டும் நின்றுவிடாமல் பொது ஏற்பாடுகளிலும் வெளிப்படும்போதே அது நிறைவு பெறும்.